கொல்கத்தா கால்பந்தின் மேலாதிக்கம்

கொல்கத்தா கால்பந்தின் மேலாதிக்கம் என்பது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தியக் கால்பந்தில் கொல்கத்தா நகரின் கழகங்களும், கொல்கத்தா கால்பந்து லீகும், வங்காள மாநில அணியும் பெற்றிருந்த முதன்மை நிலையைக் குறிக்கும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்கள் இம்மேலாதிக்கத்தின் தூண்களாக இருந்தன. 1990களின் பிற்பகுதியில் இருந்து கோவா, வடகிழக்கு மாநிலங்கள், கேரளம், பெங்களூரு, தமிழ்நாடு ஆகிய பகுதிகளின் அணிகள் தேசியப் பட்டங்களை வென்றதால், இந்த மேலாதிக்கம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. 2023-24, 2024-25 பருவங்களில் கொல்கத்தா அணிகள் மீண்டும் பெரும் பட்டங்களை வென்றது அக்கேள்விக்கான விடையை மேலும் சிக்கலாக்கியது.

ஒரு வட்டாரத்தின் விளையாட்டு வலிமையை மூன்று வகையில் அளக்கலாம். அதன் கழகங்கள் வெல்லும் கோப்பைகள் ஒன்று. அது உருவாக்கும் வீரர்கள் இரண்டு. அதன் உள்ளூர் லீகின் மதிப்பு மூன்று. கொல்கத்தாவில் ஒரு காலத்தில் இம்மூன்றும் ஒன்றாக இருந்தன. இன்று அவை தனித்தனியே பிரிந்துள்ளன.

தோற்றம்

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் தலைநகராக இருந்த கொல்கத்தாவில் படைப்பிரிவுகள், வணிக நிறுவனங்கள், கல்லூரிகள் வழியாகக் கால்பந்து பரவியது. மோகன் பகான் 1889இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இலும், ஈஸ்ட் பெங்கால் 1920இலும் தொடங்கப்பட்டன. இந்தியக் கால்பந்துச் சங்கம் என்ற பெயருடைய ஐஎஃப்ஏ 1893இல் உருவானது. பெயரில் இந்தியா இருந்தாலும் இது இன்று மேற்கு வங்க மாநிலத்தின் கால்பந்து அமைப்பாகும். இவ்வமைப்பு நடத்தும் கொல்கத்தா கால்பந்து லீக் 1898இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்து லீகுகளில் இதுவும் ஒன்று.

1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ கேடயத்தின் இறுதிப்போட்டியில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. வெறுங்காலுடன் ஆடிய வீரர்கள் மிகுந்திருந்த ஓர் இந்திய அணி, காலணி அணிந்த ஆங்கிலேயப் படை அணியை வென்றது விளையாட்டைத் தாண்டிய நிகழ்வாகப் பார்க்கப்பட்டது. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கொல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணியானது. 1938 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் அப்பட்டத்தை அதுவே வைத்திருந்தது.

மேலாதிக்கத்தின் அடிப்படைகள்

கொல்கத்தாவின் வலிமைக்கு நான்கு காரணங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, போட்டிகளின் எண்ணிக்கை. நாட்டின் பிற பகுதிகளில் கால்பந்து என்பது சில வாரங்களில் முடியும் கோப்பைப் போட்டிகளாகவே இருந்தது. கொல்கத்தாவிலோ பல பிரிவுகளைக் கொண்ட லீக், மழைக்காலம் முழுவதும் நகரின் மைதான் பகுதியில் நடந்தது. கீழ்ப்பிரிவில் ஆடும் ஓர் இளைஞர் நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டு மேல்பிரிவு அணிக்குப் போகலாம். அங்கிருந்து பெருங்கழகங்களுக்கும், பின்பு இந்திய அணிக்கும் வழி இருந்தது.

இரண்டாவது, வேலை. கிழக்கு ரயில்வே, வங்காள நாக்பூர் ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, காவல்துறை ஆகியவற்றின் அணிகள் லீகில் ஆடின. கால்பந்தில் நேரடி ஊதியம் குறைவாக இருந்த காலத்தில், ஆட்டத்தின் மூலம் கிடைக்கும் நிலையான வேலையே ஏழைக் குடும்பத்து இளைஞர்களை இவ்விளையாட்டில் நிலைக்கச் செய்தது. 1956, 1960 ஒலிம்பிக்கில் ஆடிய பி. கே. பானர்ஜி தம் வாழ்நாளில் பெருங்கழகம் எதற்கும் ஆடவில்லை. கிழக்கு ரயில்வே அணிக்கு ஆடினார். அந்த அணி 1958இல் லீகை வென்றது.

மூன்றாவது, ரசிகர்கள். மோகன் பகான் நகரின் பழங்குடி வங்காளிகளின் அணியாகவும், ஈஸ்ட் பெங்கால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணியாகவும் கருதப்பட்டன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் ஒரு அடையாளமானது. மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீனும் விலையேறும் என்று நகரில் சொல்வதுண்டு. 1997இல் சால்ட் லேக் அரங்கில் இவ்விரு அணிகளும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,30,000க்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர்.

நான்காவது, வெளியூர் வீரர்களை ஈர்க்கும் ஆற்றல். இது தனியே விளக்கத்தக்கது.

வெளியூர் வீரர்கள்

கொல்கத்தாவின் பெருமை வங்காளிகளால் மட்டும் உருவானதன்று. 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தில் ஆடிய அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவரும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைக்கப்பட்டனர். ஐவரும் தென்னிந்தியர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் புகழ்பெற்ற கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், பின்னர் கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். ஐதராபாத் பகுதியைச் சேர்ந்த துளசிதாஸ் பலராம் ஈஸ்ட் பெங்காலின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரானார். 1980களில் ஈரானின் மஜீத் பிஷ்கர், நைஜீரியாவின் சீமா ஒக்கோரி போன்ற வெளிநாட்டு வீரர்களும் நகரின் நாயகர்கள் ஆயினர்.

ஆகவே, வெளியூர் வீரர்களை நம்பி ஆடுவது கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று வெளியிலிருந்து வந்த வீரர்கள் கொல்கத்தா லீகிலேயே ஆடினர். உள்ளூர் இளைஞர் ஒருவர் தம் சிறிய அணிக்காக, நாட்டின் சிறந்த முன்கள வீரரை எதிர்த்து, அதே மைதானில் ஆட வேண்டியிருந்தது. வெளியூர் வீரர்களின் வருகை உள்ளூர் வீரர்களின் தரத்தையும் உயர்த்தியது.

உச்சக் காலம்

1941இல் தொடங்கிய, மாநிலங்களுக்கு இடையேயான சந்தோஷ் கோப்பையின் முதல் பட்டத்தை வங்காளம் வென்றது. அக்கோப்பையின் பெயரே வங்காளத்தின் சந்தோஷ் என்னும் ஊரின் ஜமீன் குடும்பத்திலிருந்து வந்தது. 1951ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு மோகன் பகானின் சைலன் மன்னாவும், 1962இல் தங்கம் வென்ற அணிக்கு அதே கழகத்தின் சுனி கோஸ்வாமியும் தலைமை தாங்கினர்.

அக்காலத்திலும் போட்டியாளர்கள் இல்லாமல் இல்லை. பயிற்சியாளர் ரகீமின் ஐதராபாத் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 முறை வென்றது. ஆனால் அந்நகரில் கொல்கத்தாவைப் போன்ற லீக் வேரூன்றவில்லை. சிறந்த வீரர்கள் கொல்கத்தாவை நோக்கியே சென்றனர்.

1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து 6 முறை லீகை வென்றது. 1975 ஐஎஃப்ஏ கேடய இறுதியில் அது மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது. 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் ஈடன் கார்டன்சில் 2-2 என்று சமன் செய்தது. கொல்கத்தாவில் ஆடாதவர் முழுமையான வீரர் அல்லர் என்ற எண்ணம் அன்று நாடு முழுவதும் இருந்தது.

தேசிய லீகும் சமநிலை மாற்றமும்

1996-97இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது நிலைமை மாறத் தொடங்கியது. அதுவரை வெவ்வேறு ஊர்க் கோப்பைகளில் மட்டும் மோதிய அணிகள், இப்போது ஒரே பட்டியலில் புள்ளிகளுக்காகப் போட்டியிட்டன. முதல் பட்டத்தைப் பஞ்சாபின் ஜேசிடி அணி வென்றது.

2006-07 வரை நடந்த 11 பருவங்களின் பட்டங்கள் வருமாறு:

- கொல்கத்தா: 6 (மோகன் பகான் 3, ஈஸ்ட் பெங்கால் 3)
- கோவா: 3 (டெம்போ 2, சல்கோகர் 1)
- பஞ்சாப்: 1 (ஜேசிடி)
- மும்பை: 1 (மகிந்திரா யுனைடெட்)

இதைப் பார்த்தால் கொல்கத்தாவே முன்னிலையில் உள்ளது. ஆனால் அந்த 6 பட்டங்களும் 2003-04 பருவத்துக்குள் கிடைத்தவை. 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையையும் வென்றிருந்தது. அதன் பிறகு 2004-05 முதல் 2013-14 வரையிலான 10 பருவங்களில் ஒரு கொல்கத்தா அணிகூட நாட்டின் லீக் பட்டத்தை வெல்லவில்லை. 2007-08இல் தேசிய லீக் ஐ-லீக் என மாற்றப்பட்டபோது, அதன் முதல் 6 பட்டங்களையும் கோவாவின் டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ், சல்கோகர் ஆகிய அணிகளே பகிர்ந்துகொண்டன.

ஏறத்தாழ அதே காலத்தில், 2010 முதல் 2017 வரை, கொல்கத்தா லீகை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து 8 முறை வென்றது. நகருக்குள் ஓர் அணியின் ஆட்சி முன்னெப்போதும் இல்லாத அளவு வலுத்தது. நாட்டளவில் அதே அணியால் பட்டம் வெல்ல முடியவில்லை. உள்ளூர் லீக் வெற்றி நாட்டளவிலான வலிமையின் அடையாளம் என்ற பழைய கணக்கு இங்கு உடைந்தது.

2014-15இல் பயிற்சியாளர் சஞ்சய் சென்னின் கீழ் மோகன் பகான் ஐ-லீகை வென்று இந்த இடைவெளியை முடித்தது. ஆனால் 2016-17இல் மிசோரமின் அய்சால் அணி 37 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. மோகன் பகான் 36 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. 2018-19இல் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் பின்தங்கியது. இரு முறையும் வித்தியாசம் ஒரு புள்ளிதான். ஆயினும் மக்கள்தொகையிலும் பணத்திலும் ரசிகர் எண்ணிக்கையிலும் பெரிய கழகங்களைச் சிறிய கழகங்கள் முந்த முடியும் என்பது இதனால் உறுதியானது.

சந்தோஷ் கோப்பை காட்டும் கணக்கு

கழகங்கள் வெளியூர் வீரர்களை வாங்கலாம். மாநில அணியின் கணக்கு அதைவிட வேறானது. 2024-25 வரை வங்காளம் 33 முறை சந்தோஷ் கோப்பையை வென்றுள்ளது. அடுத்த இடங்களில் உள்ள பஞ்சாப் 8 முறையும், கேரளமும் சர்வீசஸ் என்னும் படைத்துறை அணியும் தலா 7 முறையும் வென்றிருந்தன.

ஆனால் அந்த 33இல் 29 பட்டங்கள் 1998-99 வரை கிடைத்தவை. 1993-94 முதல் 1998-99 வரை வங்காளம் தொடர்ந்து 6 முறை வென்றது. அதன் பின் 2024-25 வரை 4 பட்டங்கள் மட்டுமே கிடைத்தன: 2009-10, 2010-11, 2016-17, 2024-25. 2018இல் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கிலேயே கேரளத்திடமும், 2022இல் மஞ்சேரியில் மீண்டும் கேரளத்திடமும் இறுதிப்போட்டியில் பெனால்டி ஷூட்அவுட்டில் வங்காளம் தோற்றது. 2022-23இல் ரியாத் நகரில் நடந்த இறுதியில் கர்நாடகமும் மேகாலயாவும் மோதின.

இக்கணக்கை எடுத்துக்கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு காலத்தில் இந்திய அணியின் வீரர்களே மாநிலங்களுக்காக ஆடிய போட்டி இது. இன்று முதன்மை லீகின் முன்னணி வீரர்கள் இதில் ஆடுவதில்லை. ஆகவே சந்தோஷ் கோப்பை இப்போது ஒரு மாநிலத்தின் உச்ச வீரர்களை அளப்பதில்லை. அடுத்த நிலையில் எத்தனை நல்ல வீரர்கள் காத்திருக்கின்றனர் என்பதையே அளக்கிறது.

வீரர் உருவாக்கம் இடம் மாறியது

1987இல் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாதமி தொடங்கப்பட்டது. சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, படிக்கவைத்துப் பயிற்சி தரும் முறை அதன் பிறகு பரவியது. கொல்கத்தாவின் பெருங்கழகங்கள் நெடுங்காலம் இத்துறையில் ஆர்வம் காட்டவில்லை. ஆயத்தமான வீரரை வாங்குவதே அவற்றின் பழக்கம். தேர்தலில் வென்று வரும் கழக நிர்வாகிகளுக்கு அந்த ஆண்டின் லீகும், எதிரணியுடனான மோதலும் முக்கியமாக இருந்தன. பத்தாண்டுகள் கழித்துப் பலன் தரும் அகாதமி அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

இதற்கிடையில் வடகிழக்கு மாநிலங்களில் கால்பந்து ஊர் வாழ்க்கையின் பகுதியாக வளர்ந்தது. மணிப்பூர், மிசோரம், மேகாலயா ஆகியவற்றிலிருந்து வீரர்கள் பெருமளவில் வரத் தொடங்கினர். 2012இல் மிசோரம் தனக்கென ஒரு முதன்மை லீகையும் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய இந்திய அணியின் 21 வீரர்களில் 8 பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். கொல்கத்தா பெருநகரத்தை விட மக்கள்தொகையில் பல மடங்கு சிறிய ஒரு மாநிலத்தின் பங்களிப்பு இது.

மீண்டெழுந்த கழகங்கள்

2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் ஐஎஸ்எல் தொடங்கியபோது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அதில் இடம்பெறவில்லை. கொல்கத்தாவின் பெயரில் ஏடிகே என்ற புதிய அணி ஆடி 2014, 2016, 2019-20 பருவங்களில் பட்டம் வென்றது. 2020இல் அவ்வணியின் உரிமையாளர்களும் மோகன் பகானும் இணைந்தனர். அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலும் ஐஎஸ்எல்லில் நுழைந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் 2023-24 ஐ-லீகை வென்று அடுத்த பருவத்தில் மேலேறியது.

பெருநிறுவன முதலீடு வந்ததும் கோப்பைகளும் வந்தன. மோகன் பகான் 2022-23இல் ஐஎஸ்எல் கோப்பையையும், 2023-24இல் லீக் கேடயத்தையும் வென்றது. 2024-25இல் இரண்டையும் சேர்த்து வென்றது. லீக் கேடயத்தைத் தக்கவைத்த முதல் அணியும் அதுவே. 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்று 12 ஆண்டு வறட்சியை முடித்தது. அதன் மகளிர் அணி 2024-25இல் இந்திய மகளிர் லீகை வென்றது.

ஆகவே கோப்பைகளை மட்டும் எண்ணினால் கொல்கத்தா வீழ்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் 2024-25இல் வென்ற மோகன் பகான் அணியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஏப்ரல் 12, 2025 அன்று பெங்களூரு அணிக்கு எதிரான இறுதிப்போட்டியில் அதன் இரு கோல்களையும் ஆஸ்திரேலியர்களான ஜேசன் கம்மிங்ஸும் ஜேமி மக்லாரனும் அடித்தனர். கோல்காப்பாளர் விஷால் கைத் இமாச்சலப் பிரதேசத்தவர். மன்வீர் சிங் பஞ்சாபியர். லிஸ்டன் கொலாசோ கோவாக்காரர். அபுயா மிசோரமைச் சேர்ந்தவர். சகல் அப்துல் சமது கேரளத்தவர். அணித்தலைவர் சுபாசிஷ் போஸ் உள்ளிட்ட சிலரே வங்காளிகள்.

பஞ்ச பாண்டவர் காலத்திலும் நிலைமை இதுதானே என்று கேட்கலாம். வேறுபாடு ஒன்றே. இன்றைய முதன்மை அணி கொல்கத்தா லீகில் ஆடுவதில்லை.

இன்றைய கொல்கத்தா லீக்

ஐஎஸ்எல் கழகங்கள் இப்போது கொல்கத்தா லீகுக்குத் தம் இளையோர் அல்லது மாற்று அணிகளையே அனுப்புகின்றன. இதனால் லீகின் பளபளப்பு குறைந்தது. 2019இல் பீர்லெஸ் அணி பட்டம் வென்றது. 1958இல் கிழக்கு ரயில்வே வென்றதற்குப் பின் மூன்று பெருங்கழகங்களுக்கு வெளியே பட்டம் சென்றது அதுவே முதல் முறை. முகமதன் ஸ்போர்ட்டிங் 2021இல் 40 ஆண்டுகளுக்குப் பின் வென்று, 2023 வரை பட்டத்தைத் தக்கவைத்தது.

லீகின் பங்கும் மாறியுள்ளது. களத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வங்காள மண்ணைச் சேர்ந்த வீரர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை ஐஎஃப்ஏ அண்மைப் பருவங்களில் கொண்டுவந்தது. நட்சத்திரங்களைக் காட்டும் மேடையாக இருந்த லீகை, உள்ளூர் இளைஞர்களை வளர்க்கும் களமாக மாற்றும் முயற்சி இது.

இதன் பயனுக்குச் சான்றாக 2024-25 சந்தோஷ் கோப்பை குறிப்பிடப்படுகிறது. 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதியில் வங்காளம் கேரளத்தை 1-0 என்று வென்றது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் அந்த ஒரே கோலை அடித்தவர் ராபி ஹன்ஸ்தா. பர்த்வான் மாவட்டத்தின் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்த அவர், கொல்கத்தா லீகில் சுங்கத்துறை அணிக்கு ஆடியவர். அத்தொடரில் அவர் 12 கோல்கள் அடித்தார். பயிற்சியாளர், மோகன் பகானுக்கு 2015இல் பட்டம் பெற்றுத் தந்த அதே சஞ்சய் சென். வென்ற வீரர்களுக்கு மாநில அரசு வேலை அறிவித்தது. சிறிய அணி, துறை அணி, மாநில அணி, வேலை என்ற பழைய ஏணி முற்றிலும் முறியவில்லை என்பதை இது காட்டியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2019இல் டூரண்ட் கோப்பை கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டபோது, முதல் முறையே கேரளத்தின் கோகுலம் அணி இறுதியில் மோகன் பகானை வென்றது. 2024இலும் 2025இலும் கொல்கத்தாவில் நடந்த இறுதிப்போட்டிகளில் கொல்கத்தாவின் மோகன் பகானையும், மேற்கு வங்கத்தின் புதிய கழகமான டயமண்ட் ஹார்பரையும் முறையே வென்று கோப்பையைக் கொண்டுசென்றது குவாஹாட்டியின் நார்த்ஈஸ்ட் யுனைடெட்.

அமெரிக்க ஒப்பீடு

இதே கேள்வி அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டிலும் எழுந்துள்ளது. அங்கு ஆடப்படுவது கையால் பந்தை எடுத்துச் செல்லும் அமெரிக்கக் கால்பந்து. பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்இசி கூட்டமைப்பு 2006 முதல் 2022 வரையிலான 17 பருவங்களில் 13 தேசியப் பட்டங்களை வென்றது. அலபாமா, ஜார்ஜியா, புளோரிடா, எல்எஸ்யு, ஆபர்ன் ஆகியவை அதன் வெற்றி அணிகள். அடுத்த பருவங்களில் பிக் டென் கூட்டமைப்பின் மிச்சிகன், ஒகாயோ ஸ்டேட், இந்தியானா அணிகள் வரிசையாகப் பட்டம் வென்றன.

2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு வருமானம் ஈட்ட அனுமதி கிடைத்ததும், கல்லூரி மாறுவது எளிதானதும் இதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. முன்பு ஒரு பெரிய அணியின் இருக்கையில் காத்திருந்த திறமையாளர், இப்போது பணமும் ஆட வாய்ப்பும் தரும் வேறு அணிக்குச் செல்கிறார். எஸ்இசி வட்டாரத்தில் வீரர்கள் உருவாவது நிற்கவில்லை. அவர்களை அங்கேயே நிறுத்திவைத்த கட்டு தளர்ந்துவிட்டது.

கொல்கத்தாவில் நடந்தது இதற்கு ஏறத்தாழ எதிரானது. பணம் உள்ள கழகங்கள் அங்கேயே உள்ளன. வீரர்கள் உருவாகும் இடம் மாறிவிட்டது. இரண்டிலும் பொதுவானது ஒன்று. வீரர்கள் செல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்த வரையில்தான் மேலாதிக்கம் இயல்பானதாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டுக்கான பொருத்தம்

தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. 2012இல் இறுதிப்போட்டியில் சர்வீசஸிடம் தோற்றது. சென்னையின் ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி 2015, 2017-18 பருவங்களில் பட்டம் வென்றுள்ளது. 2018-19இல் ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி அணியில் தமிழக வீரர்கள் பலர் இருந்தனர். குமரி மாவட்டக் கடலோர ஊரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் தொடங்கி 2019-20இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குச் சென்று ஐஎஸ்எல் பட்டம் வென்றார். ஆனால் சென்னை சிட்டி அணியே 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகில் ஆடவில்லை.

கோப்பை வென்ற அணி காணாமல் போகலாம், கோப்பை வெல்லாத ஊரிலிருந்து வீரர்கள் தொடர்ந்து வரலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. மகளிர் கால்பந்தில் மணிப்பூரின் நீண்டகால ஆதிக்கத்தைத் தமிழ்நாடு 2018இல் இறுதிப்போட்டியில் அம்மாநிலத்தையே வீழ்த்தி உடைத்தது. 2023இல் மீண்டும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. மணிப்பூர் அதன் பின்னும் 2024இல் பட்டத்தை மீட்டது. அங்கு ஊர்தோறும் பெண்கள் ஆடுவது தொடர்ந்ததே அதற்கு அடிப்படை.

மதிப்பீடு

மூன்று அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒரே சொல்லில் அமைவதில்லை.

கோப்பைகளில் கொல்கத்தா கழகங்கள் பத்தாண்டு வீழ்ச்சிக்குப் பின் முன்னணிக்குத் திரும்பியுள்ளன. இவ்வெற்றி முதலீட்டைச் சார்ந்தது. முதலீடு விலகினால் வெற்றியும் விலகக்கூடும். 2025இல் ஐஎஸ்எல்லை நடத்தும் உரிமை குறித்த ஒப்பந்தச் சிக்கலால் அந்த லீக் உரிய காலத்தில் தொடங்கவில்லை. அதே ஆண்டு கொல்கத்தா லீக் வழக்கம்போல் மழைக்காலத்தில் நடந்தது.

வீரர் உருவாக்கத்தில் வங்காளம் தனி முதன்மையை இழந்து, பல மாநிலங்களுள் ஒன்றாகிவிட்டது. இது வங்காளத்துக்கு இழப்பு. இந்தியக் கால்பந்துக்கு ஆதாயம். அய்சாலில் பிறந்தவரும் குமரிக் கடற்கரையில் பிறந்தவரும் கொல்கத்தா போகாமலேயே இந்திய அணியைக் கனவு காண முடிகிறது.

உள்ளூர் லீகின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. பெருங்கழகத்துக்கும் சிறுகழகத்துக்கும் ஒரே களத்தில் இருந்த தொடர்பு அறுந்துள்ளது. சுங்கத்துறை அணியில் ஆடும் இளைஞர் இனி மோகன் பகானின் முதன்மை அணியை எதிர்த்து ஆடித் தம் திறமையைக் காட்ட முடியாது. அவர் சந்தோஷ் கோப்பை போன்ற அரிய வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும். கொல்கத்தாவின் பழைய மேலாதிக்கம் திரும்புமா என்பதை விட, அந்த இளைஞர் மேலேறுவதற்கான படிகள் மீண்டும் அமையுமா என்பதே வங்கக் கால்பந்தின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் கேள்வியாக உள்ளது.